லெவோடோப்பா மருந்தின் பாதுகாப்பான பயன்பாடு

லெவோடோப்பா (எல்-டோப்பா) என்பது நடுக்குவாதம் எனப்படும் பார்க்கின்சன் நோய்க்கு மருத்துவரின் பரிந்துரைப்படி வழங்கப்படும் முதன்மையான மருந்தாகும். இது ஓர் அமினோ அமிலம். மனித உடலிலும் சில செடிகளின் விதைகளிலும் இயற்கையாகவே காணப்படும் இப்பொருள், மூளைக்குள் சென்று டோப்பமைன் என்னும் நரம்புக்கடத்தியாக மாறுகிறது. இது நோயைக் குணப்படுத்துவதில்லை; இறுக்கம், அசைவு மந்தம், நடுக்கம் முதலிய அறிகுறிகளைக் குறைக்கிறது. உலக சுகாதார அமைப்பின் இன்றியமையா மருந்துகள் பட்டியலில் லெவோடோப்பாவும் கார்பிடோப்பாவும் சேர்ந்த மாத்திரை இடம்பெற்றுள்ளது.

இம்மருந்தின் பாதுகாப்பு, எவ்வளவு உட்கொள்ளப்படுகிறது என்பதை மட்டும் பொறுத்ததன்று. எந்த நேரத்தில், எந்த உணவுக்கு முன் அல்லது பின், வேறு எந்த மருந்துகளுடன் உட்கொள்ளப்படுகிறது என்பவற்றையும் அது பொறுத்துள்ளது. அளவு சரியாக இருந்தும் நேரம் தவறினால் நோயாளி அசைய இயலாத நிலைக்குச் செல்லலாம். திடீரென மருந்து நிறுத்தப்பட்டால் உயிருக்கே ஆபத்து நேரக்கூடும். நடுக்குவாதம் அல்லாத வேறொரு காரணத்துக்காக மருத்துவமனையில் சேர்க்கப்படும் நோயாளிகள் இவ்வாபத்துக்கு உள்ளாகும் வாய்ப்பு உண்டு என்பதால், இதுபற்றிய அறிவு நோயாளிக்கு மட்டுமின்றி அவரைப் பராமரிக்கும் குடும்பத்தினருக்கும் தேவைப்படுகிறது.

நோயும் மருந்தும்

நடுமூளையில் கரும்பொருள் எனப்படும் ஒரு சிறு பகுதி உள்ளது. இப்பகுதியிலுள்ள நரம்பணுக்கள் டோப்பமைனை உற்பத்தி செய்து, மூளையின் ஆழத்திலுள்ள வரியுடலம் என்னும் பகுதிக்கு வழங்குகின்றன. உடலசைவுகளைத் தொடங்குவதற்கும் சீராக நடத்துவதற்கும் இந்த டோப்பமைன் தேவை. நடுக்குவாதத்தில் இந்நரம்பணுக்கள் சிறிது சிறிதாக அழிகின்றன. அறிகுறிகள் வெளிப்படும்போது அவற்றுள் கணிசமான பகுதி ஏற்கெனவே அழிந்திருக்கும்.

குறைந்துபோன டோப்பமைனையே மாத்திரையாகக் கொடுத்தால் என்ன என்ற கேள்வி எழலாம். குருதிக்கும் மூளைக்கும் இடையே ஒரு தடுப்பு உள்ளது. டோப்பமைன் இத்தடுப்பைக் கடப்பதில்லை. ஆனால், டோப்பமைனின் முன்பொருளான லெவோடோப்பா, பெரிய அமினோ அமிலங்களை மூளைக்குள் எடுத்துச் செல்லும் கடத்திப் புரதங்களைப் பயன்படுத்தி உள்ளே நுழைந்துவிடுகிறது. மூளையில் ஒரு நொதி அதனை டோப்பமைனாக மாற்றுகிறது.

வரலாறு

இங்கிலாந்து மருத்துவரான ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817 ஆம் ஆண்டில் இந்நோயை விரிவாக விவரித்தார். 1913 ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் பணியாற்றிய மார்க்கஸ் குகன்ஹைம் என்ற வேதியியலாளர், விசியா பாபா என்னும் பயறு வகையிலிருந்து லெவோடோப்பாவைப் பிரித்தெடுத்தார். அவர் 2.5 கிராம் அளவைத் தாமே விழுங்கிப் பார்த்தபோது கடுமையான குமட்டலும் வாந்தியும் ஏற்பட்டன. இம்மருந்தின் பயன் அறியப்படுவதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே அதன் பக்க விளைவு இவ்வாறு அறியப்பட்டது. 1937 ஆம் ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் உயிர்வேதியியல் ஆய்வகத்தில் தாமோதரன், இராமசாமி ஆகியோர் பூனைக்காலி விதையிலிருந்து இதே பொருளைப் பிரித்தெடுத்தனர்.

சுவீடனைச் சேர்ந்த அர்விட் கார்ல்சன் 1957 ஆம் ஆண்டில், மருந்தினால் அசைவிழக்கச் செய்யப்பட்ட முயல்களுக்கு லெவோடோப்பா செலுத்தியபோது அவை மீண்டும் நடமாடியதைக் கண்டார். டோப்பமைன் பற்றிய ஆய்வுகளுக்காக 2000 ஆம் ஆண்டின் மருத்துவத்துக்கான நோபல் பரிசு அவருக்கும் வேறு இருவருக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. வியன்னாவில் ஓலே ஹோர்ணிகீவிச் தம் உடனாய்வாளருடன் இணைந்து, நடுக்குவாத நோயாளிகளின் மூளையில் டோப்பமைன் குறைந்திருப்பதை 1960 ஆம் ஆண்டில் காட்டினார். 1961 ஆம் ஆண்டில் அவரும் வால்டர் பிர்க்மாயரும் நோயாளிகளுக்கு லெவோடோப்பாவை நரம்பூசியாகச் செலுத்திக் கிடைத்த பலனை வெளியிட்டனர். எழுந்து உட்கார இயலாதவர்கள் சிறிது நேரம் எழுந்து நடந்தனர். ஆயினும், பலன் நீடிக்கவில்லை; குமட்டலும் தொல்லை தந்தது.

அமெரிக்காவில் பணியாற்றிய ஜார்ஜ் கோட்சியாஸ் 1967 ஆம் ஆண்டில் இச்சிக்கலுக்கு வழி கண்டார். வாய்வழியாக மிகச் சிறிய அளவில் தொடங்கி, பல வாரங்கள் படிப்படியாக உயர்த்திச் சென்றால் உடல் அதனைத் தாங்கிக்கொள்ளும் என்பதை அவர் காட்டினார். குறைவாகத் தொடங்கி மெல்ல உயர்த்துவது என்ற இந்த முறையே இன்றும் பின்பற்றப்படுகிறது. 1970 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் லெவோடோப்பா பயன்பாட்டுக்கு ஒப்புதல் பெற்றது.

துணை மருந்தின் தேவை

லெவோடோப்பா மட்டும் தனியாக உட்கொள்ளப்பட்டால், அதன் மிகப் பெரும்பகுதி குடலிலும் குருதியிலும் பிற உறுப்புகளிலுமே டோப்பமைனாக மாறிவிடுகிறது. மூளையை அடைவது மிகச் சிறு பங்கே. மூளைக்கு வெளியே உருவாகும் டோப்பமைன் குமட்டல், வாந்தி, குருதியழுத்தக் குறைவு ஆகியவற்றை உண்டாக்குகிறது.

இதனைத் தடுக்க, கார்பிடோப்பா அல்லது பென்செராசைடு என்னும் துணை மருந்து லெவோடோப்பாவுடன் ஒரே மாத்திரையில் சேர்க்கப்படுகிறது. இவை மாற்றத்தைச் செய்யும் நொதியைத் தடுக்கின்றன. ஆனால் மூளைக்குள் நுழைவதில்லை. எனவே மூளைக்கு வெளியே மட்டும் மாற்றம் தடைபடுகிறது. இதனால் தேவைப்படும் லெவோடோப்பாவின் அளவு ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காகக் குறைகிறது. குருதியில் அதன் அளவு பாதியாகக் குறைய எடுக்கும் நேரமும் சுமார் 50 நிமிடங்களிலிருந்து ஏறத்தாழ ஒன்றரை மணி நேரமாக நீள்கிறது.

மாத்திரையின் பெயரிலுள்ள எண்கள்

இந்தியாவில் விற்கப்படும் மாத்திரைகள் பலவற்றின் பெயருடன் 110, 125, 275 போன்ற எண்கள் காணப்படுகின்றன. இவை இரு மருந்துகளின் அளவையும் கூட்டி எழுதப்பட்டவை.

110 என்பது 100 மி.கி. லெவோடோப்பாவும் 10 மி.கி. கார்பிடோப்பாவும் கொண்டது.
125 என்பது 100 மி.கி. லெவோடோப்பாவும் 25 மி.கி. கார்பிடோப்பாவும் கொண்டது.
275 என்பது 250 மி.கி. லெவோடோப்பாவும் 25 மி.கி. கார்பிடோப்பாவும் கொண்டது.

ஆகவே 110, 125 ஆகிய இரண்டிலும் லெவோடோப்பாவின் அளவு ஒன்றே. துணை மருந்தின் அளவு மட்டுமே வேறுபடுகிறது. நொதியைப் போதிய அளவு தடுக்க ஒரு நாளைக்கு 70 முதல் 100 மி.கி. வரை கார்பிடோப்பா தேவை எனக் கணக்கிடப்பட்டுள்ளது. நாளுக்கு மூன்று 125 மாத்திரைகள் உட்கொள்பவருக்கு 75 மி.கி. கிடைக்கிறது. மூன்று 110 மாத்திரைகள் உட்கொள்பவருக்கு 30 மி.கி. மட்டுமே கிடைக்கிறது. பின்னவருக்குக் குமட்டல் மிகுதியாக இருக்கலாம். கடையில் ஒன்று இல்லையெனில் "ஏறத்தாழ ஒன்றுதான்" என்று மற்றொன்றை வாங்குவது சரியன்று. 125க்கு மாறாக 275 வாங்கப்பட்டால் லெவோடோப்பா இரண்டரை மடங்காகிவிடும்.

பிற நாடுகளில் இவை 25/100 என்பது போல இரு எண்களாக எழுதப்படுகின்றன. இவ்வாறு எழுதும்போது எந்த எண் எந்த மருந்தைக் குறிக்கிறது என்பதும் கவனிக்கப்பட வேண்டும். வெளிநாட்டில் வசிக்கும் பிள்ளைகளிடம் சென்று தங்கும் முதியோர், மாத்திரையின் வணிகப் பெயரை மட்டும் நம்பாமல் இரு மருந்துகளின் அளவையும் தனித்தனியே எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

சாதாரண மாத்திரை, மெதுவாக வெளிப்படும் மாத்திரை என இரு வகைகள் உள்ளன. மெதுவாக வெளிப்படும் மாத்திரையைப் பொடிக்கவோ மெல்லவோ கூடாது. அவ்வாறு செய்தால் பல மணி நேரத்துக்குரிய மருந்து ஒரே நேரத்தில் குருதியில் கலந்துவிடும். பாதியாக உடைக்கலாமா என்பது மாத்திரைக்கு மாத்திரை வேறுபடுவதால் மருந்தாளரிடம் கேட்டறிய வேண்டும். மேலும், இவ்வகை மாத்திரையிலிருந்து உடல் ஈர்த்துக்கொள்ளும் பங்கு சாதாரண மாத்திரையைவிடக் குறைவு. எனவே ஒன்றுக்கு ஒன்று என இவற்றை மாற்றிக்கொள்ள முடியாது.

உட்கொள்ளும் நேரம்

நோயின் தொடக்க ஆண்டுகளில், எஞ்சியுள்ள நரம்பணுக்கள் டோப்பமைனைச் சேமித்து வைத்துத் தேவைக்கேற்ப வெளிவிடுகின்றன. அதனால் ஒரு வேளை சற்றுத் தாமதமானாலும் நோயாளி அதனை உணர்வதில்லை. ஆண்டுகள் செல்லச் செல்ல இச்சேமிப்புத் திறன் குறைகிறது. அப்போது குருதியில் மருந்து ஏறி இறங்குவதற்கு ஏற்ப உடலசைவும் ஏறி இறங்குகிறது. அரை மணி நேரத் தாமதம் கூட, நோயாளி தாமே எழுந்து கழிவறைக்குச் செல்வதா, படுக்கையில் அசையாது கிடப்பதா என்பதைத் தீர்மானிக்கக்கூடும்.

எனவே "காலை, மதியம், இரவு" என்று பொதுவாகக் குறிப்பதைவிட, 7 மணி, 11 மணி, 3 மணி, 7 மணி என்பது போல மருத்துவர் வகுத்த நேரங்களைக் குறித்து வைத்துக்கொள்வது சிறந்தது. கைக்கடிகாரம் அல்லது கைப்பேசியின் அழைப்பொலி இதற்கு உதவும்.

ஒரு வேளை தவறிவிட்டால், நினைவு வந்தவுடன் உட்கொள்ளலாம். ஆனால் அடுத்த வேளை நெருங்கிவிட்டிருந்தால் தவறியதை விட்டுவிட்டு அடுத்ததை மட்டும் உட்கொள்ள வேண்டும். இரண்டு வேளைக்குரியதைச் சேர்த்து உட்கொள்ளக் கூடாது.

உணவும் மருந்தும்

லெவோடோப்பா இரைப்பையில் ஈர்க்கப்படுவதில்லை. சிறுகுடலின் மேற்பகுதியிலேயே ஈர்க்கப்படுகிறது. இரைப்பை நிறைந்திருந்தால் மாத்திரை அங்கேயே தங்கிவிடும். நடுக்குவாத நோயாளிகளுக்கு இரைப்பையின் இயக்கம் இயல்பாகவே மந்தமாக இருப்பதுண்டு. மலச்சிக்கலும் இந்நோயில் பொதுவாகக் காணப்படுகிறது. தண்ணீர், காய்கறி, பழம் போதிய அளவு உட்கொண்டு மலச்சிக்கலைத் தவிர்ப்பது மருந்து நன்கு செயற்படவும் உதவலாம்.

இரண்டாவது சிக்கல் புரதம். பால், தயிர், பருப்பு, சுண்டல், முட்டை, மீன், இறைச்சி ஆகியவற்றின் புரதம் செரித்து அமினோ அமிலங்களாகிறது. லெவோடோப்பா பயன்படுத்தும் அதே கடத்திகளையே அவற்றுள் சிலவும் பயன்படுத்துகின்றன. குடலிலும் மூளைத் தடுப்பிலும் இவற்றுக்கிடையே போட்டி ஏற்படுகிறது. புரதம் மிகுந்த மதிய உணவுக்குப் பின் மருந்து "வேலை செய்யவில்லை" என்று சில நோயாளிகள் உணர்வதற்கு இதுவே காரணம்.

இதனால் உணவுக்கு அரை மணி நேரத்துக்கு முன்போ, உணவு முடிந்து ஒரு மணி நேரத்துக்குப் பின்போ மருந்தை நீருடன் உட்கொள்ளுமாறு அறிவுறுத்தப்படுகிறது. மருந்து தொடங்கிய புதிதில் வெறும் வயிற்றில் குமட்டல் ஏற்பட்டால், பழம், பொரி, ரொட்டித்துண்டு போன்ற புரதம் குறைந்த சிற்றுணவுடன் உட்கொள்ளலாம்.

புரதத்தை முற்றிலும் விலக்குவது தவறான முடிவாகும். நடுக்குவாத நோயாளிகளில் பலர் ஏற்கெனவே எடை குறைந்தவர்களாக இருப்பர். புரதக் குறைவு தசையைத் தேய்த்து, விழுந்து எலும்பு முறியும் வாய்ப்பைக் கூட்டும். உணவினால் மருந்தின் பலன் தெளிவாகக் குறைகிறது என்று அறியப்பட்ட நோயாளிகள் மட்டும், நாளின் மொத்தப் புரத அளவைக் குறைக்காமல் அதன் பெரும்பகுதியை இரவு உணவுக்கு மாற்றிக்கொள்ளலாம் என மருத்துவர்கள் கூறுகின்றனர்.

இரும்புச்சத்து மாத்திரைகள் லெவோடோப்பாவுடன் குடலில் பிணைந்து அதன் ஈர்ப்பைக் குறைக்கின்றன. இவ்விரண்டுக்கும் இடையே குறைந்தது இரண்டு மணி நேர இடைவெளி தேவை. உயிர்ச்சத்து பி6, லெவோடோப்பா தனியாக வழங்கப்பட்ட காலத்தில் அதன் பலனைக் கெடுத்தது. கார்பிடோப்பா சேர்ந்த மாத்திரைகளில் இச்சிக்கல் பெரும்பாலும் இல்லை. மாறாக, கார்பிடோப்பாவின் உயர்ந்த அளவு உடலில் பி6 குறைபாட்டை உண்டாக்கக்கூடும் என்பதால், தேவைப்பட்டால் மருத்துவர் குருதிச் சோதனை செய்வார்.

சேரக்கூடாத மருந்துகள்

மூளையில் டோப்பமைன் செயற்படும் இடங்களை அடைத்துவிடும் மருந்துகள் பல உள்ளன. லெவோடோப்பா ஒருபுறம் டோப்பமைனைக் கூட்ட, இவை மறுபுறம் அதன் செயலைத் தடுக்கின்றன. நோயாளியின் நிலை சில நாட்களில், சிலவேளை சில மணி நேரங்களிலேயே மோசமாகிவிடும். இவற்றுட் சில அன்றாடம் வழங்கப்படும் எளிய மருந்துகள் என்பதே ஆபத்துக்குக் காரணம்.

வாந்தி மருந்துகள்: மெட்டோகுளோப்ரமைடு, புரோகுளோர்பெரசின் ஆகியவை தவிர்க்கப்பட வேண்டியவை. டோம்பெரிடோன் மூளைக்குள் பெரிதும் நுழைவதில்லை என்பதால் பல நாடுகளில் மாற்றாக வழங்கப்படுகிறது. ஆனால் அது இதயத் துடிப்பின் ஒழுங்கைப் பாதிக்கக்கூடும் என்பதால் குறைந்த அளவில், மருத்துவரின் கண்காணிப்பில் மட்டுமே பயன்படுத்தப்பட வேண்டும். ஒண்டான்செட்ரான் மற்றொரு மாற்று. எனினும் அப்போமார்பின் ஊசி பெறும் நோயாளிகளுக்கு அது கூடாது.

தலைச்சுற்றல் மருந்துகள்: சின்னரிசின், புளூனரிசின் ஆகியவை நடுக்குவாதம் போன்ற அறிகுறிகளைத் தாமே உண்டாக்கக்கூடியவை.

மனநோய் மருந்துகள்: ஹாலோபெரிடால், குளோர்புரோமசின், ரிஸ்பெரிடோன், ஒலான்சபின் முதலியன நோயை மோசமாக்குகின்றன. மாயத்தோற்றம் போன்ற தொல்லைகளுக்கு மருந்து தேவைப்பட்டால் குவெட்டியாபின், குளோசபின் ஆகியவை தெரிவு செய்யப்படுகின்றன. குளோசபின் பெறுவோர் குறித்த கால இடைவெளியில் குருதிச் சோதனை செய்துகொள்ள வேண்டும்.

மோனோ அமீன் ஆக்சிடேசு தடுப்பிகள்: மனச்சோர்வுக்கான பினெல்சின், டிரனில்சிப்ரோமின் போன்ற பழைய மருந்துகளுடன் லெவோடோப்பா சேர்ந்தால் குருதியழுத்தம் ஆபத்தான அளவுக்கு உயரலாம். இவற்றை நிறுத்திக் குறைந்தது இரண்டு வாரங்கள் சென்ற பின்னரே லெவோடோப்பா தொடங்கப்பட வேண்டும். நடுக்குவாதத்துக்கே வழங்கப்படும் செலிஜிலின், ராசாஜிலின் ஆகியவை இதே குடும்பத்தின் வேறு வகை என்பதால் லெவோடோப்பாவுடன் சேர்த்து வழங்கப்படுகின்றன. ஆனால் இவற்றை உட்கொள்பவருக்கு வலி நீக்கியான பெத்திடினோ டிரமடாலோ தரக் கூடாது. இருமல் மருந்துகளில் உள்ள டெக்ஸ்ட்ரோமெத்தார்பனும் தவிர்க்கப்பட வேண்டும்.

இவையன்றி, காசநோய்க்கான ஐசோநயாசிட், வலிப்புக்கான பெனிட்டாயின் ஆகியவை லெவோடோப்பாவின் பலனைக் குறைக்கலாம். குருதியழுத்தத்தைக் குறைக்கும் மருந்துகள் உட்கொள்பவருக்கு அழுத்தம் மேலும் குறையலாம் என்பதால் அவற்றின் அளவை மாற்றியமைக்க நேரிடும். குறுங்கோண வகைக் கண் அழுத்த நோய் உள்ளவர்களுக்கு லெவோடோப்பா தரப்படுவதில்லை.

பக்க விளைவுகள்

குமட்டல், பசியின்மை ஆகியவை தொடக்கத்தில் தோன்றிப் பெரும்பாலும் சில வாரங்களில் குறைந்துவிடுகின்றன. உட்கார்ந்தோ படுத்தோ இருந்து எழும்போது குருதியழுத்தம் குறைந்து தலை சுற்றலாம். மயக்கம் வந்து விழவும் நேரலாம். படுக்கையிலிருந்து எழும்போது முதலில் சிறிது நேரம் விளிம்பில் உட்கார்ந்து, பின்னர் எழுவது இதனைத் தவிர்க்க உதவும்.

பகலில் தூக்கம் மிகலாம். சிலருக்கு எவ்வித முன்னறிகுறியும் இன்றித் திடீரெனத் தூக்கம் வருவதுண்டு. அத்தகையோர் வண்டி ஓட்டுவதையும் இயந்திரங்களை இயக்குவதையும் தவிர்க்க வேண்டும்.

சிறுநீர், வியர்வை, உமிழ்நீர் ஆகியன கருமை கலந்த நிறம் பெற்று ஆடைகளில் கறை படியலாம். இது தீங்கற்றது. உடன் வழங்கப்படும் எண்டகபோன் என்னும் மருந்தும் சிறுநீரைச் செம்பழுப்பு நிறமாக்கும். நீரிழிவு நோயாளிகள் சிறுநீரைச் சோதனைத் தாளால் சோதிக்கும்போது சர்க்கரை, கீட்டோன் ஆகியவற்றின் முடிவுகள் தவறாக வரக்கூடும் என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும்.

இல்லாத மனிதர்களையோ விலங்குகளையோ காணும் மாயத்தோற்றம், குழப்பம் ஆகியவை முதியோரிடம் தோன்றலாம். சூதாட்டம், தேவையற்ற பொருட்களை வாங்கிக் குவித்தல், மிகையான உணவு அல்லது பாலியல் நாட்டம் போன்ற கட்டுப்படுத்த இயலாத உந்துதல்களும் சிலருக்கு ஏற்படுகின்றன. இவை லெவோடோப்பாவைவிட, பிரமிபெக்சோல், ரோபினிரோல் போன்ற டோப்பமைன் ஒத்த மருந்துகளினால் மிகுதியாக உண்டாகின்றன. நோயாளி வெட்கத்தால் இவற்றை மறைப்பதுண்டு. இது ஒழுக்கக் குறைவன்று, மருந்தின் விளைவே. குடும்பத்தினர் இதனை மருத்துவரிடம் தெரிவித்தால் மருந்தை மாற்றியமைத்துச் சரிசெய்ய முடியும்.

பலன் ஏறி இறங்குதல்

சில ஆண்டுகளுக்குப் பின், அடுத்த வேளை வருவதற்கு முன்பே மருந்தின் பலன் தேய்ந்துவிடும் நிலை தோன்றுகிறது. மருந்து உச்சத்தில் இருக்கும்போது கை, கால், தலை ஆகியன கட்டுப்பாடின்றி நெளிந்தாடும் மிகையசைவுகளும் ஏற்படலாம். மிகையசைவு, நடுக்கம் ஆகிய இரண்டையும் பிரித்தறிவது முக்கியம். மிகையசைவை நோயின் நடுக்கம் என்று கருதி மருந்தைக் கூட்டினால் அது மேலும் பெருகும்.

எந்த நேரத்தில் மாத்திரை உட்கொள்ளப்பட்டது, எப்போது நன்கு நடமாட முடிந்தது, எப்போது முடங்கியது, எப்போது மிகையசைவு தோன்றியது என்பவற்றைச் சில நாட்கள் தாளில் குறித்து மருத்துவரிடம் காட்டினால், அவர் வேளைகளை நெருக்கவோ ஒரு வேளையின் அளவைக் குறைக்கவோ துணை மருந்து சேர்க்கவோ முடியும். மாத்திரைகளால் சமாளிக்க இயலாதபோது, சிறுகுடலுக்குள் கூழ்வடிவ மருந்தைத் தொடர்ந்து செலுத்தும் முறை, தோலுக்கடியில் செலுத்தும் முறை, மூளைக்குள் மின்முனை பொருத்தும் அறுவை மருத்துவம் ஆகியவை உள்ளன. தோலுக்கடியில் செலுத்தும் லெவோடோப்பா வகை 2024 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது.

மருந்தைத் தொடங்க அஞ்சுதல்

மருந்து "தீர்ந்துவிடும்" என்று அஞ்சி, இயன்றவரை தாமதித்துத் தொடங்க வேண்டும் என்ற கருத்து நெடுங்காலம் நிலவியது. ஆய்வுகள் இதற்கு ஆதரவாக இல்லை. 2014 ஆம் ஆண்டில் கானா, இத்தாலி ஆகிய நாடுகளின் நோயாளிகளை ஒப்பிட்ட ஓர் ஆய்வு வெளியானது. கானாவில் மருந்து கிடைக்காமையால் நோயாளிகள் பல ஆண்டுகள் தாமதமாகவே அதனைத் தொடங்கியிருந்தனர். இருப்பினும் இரு நாட்டினருக்கும் நோய் தொடங்கி ஏறத்தாழ ஒரே கால அளவுக்குப் பின்னரே சிக்கல்கள் தோன்றின. அதாவது, அவை மருந்து உட்கொண்ட ஆண்டுகளைவிட, நோயின் முதிர்ச்சியையும் மருந்தின் அளவையும் பொறுத்திருந்தன. நெதர்லாந்தில் 445 நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2019 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வில், 40 வாரங்கள் முன்னதாகத் தொடங்கியவர்களுக்கும் பின்னர்த் தொடங்கியவர்களுக்கும் 80 வாரங்களின் முடிவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. அன்றாட வாழ்வு தடைபடும்போது மருந்தை மறுத்து முடங்கிக் கிடப்பதால் நன்மை ஏதுமில்லை. தேவையைவிடக் கூடுதலான அளவைத் தவிர்ப்பதே பொருத்தமானது.

திடீரென நிறுத்துவதன் ஆபத்து

லெவோடோப்பாவைத் திடீரென நிறுத்தினாலோ அளவைப் பெரிதும் குறைத்தாலோ, கடுங்காய்ச்சல், உடல் முழுதும் கடும் இறுக்கம், உணர்வு மங்குதல், குருதியழுத்தமும் இதயத் துடிப்பும் நிலைகொள்ளாமை ஆகியவை ஒருங்கே தோன்றக்கூடும். தசைகள் சிதைந்து சிறுநீரகமும் பாதிக்கப்படலாம். இது அரிதானதாயினும் உயிரைப் பறிக்கக்கூடிய நிலை. காய்ச்சல் இருப்பதால் தொற்றுநோய் என்று மட்டும் எண்ணப்பட்டு, மருந்து நின்றுபோனது கவனிக்கப்படாமல் போகும் வாய்ப்பு உண்டு.

முற்காலத்தில் மருந்துக்கு "விடுமுறை" அளித்தால் பின்னர் அது நன்கு செயற்படும் என்ற எண்ணத்தில் சில நாட்கள் மருந்தை நிறுத்தும் முறை கையாளப்பட்டது. அதன் ஆபத்து உணரப்பட்டு அம்முறை கைவிடப்பட்டது. ஆகவே பக்க விளைவு தோன்றினாலும், மாத்திரை தீர்ந்துவிட்டாலும், மாற்று மருத்துவம் தொடங்கினாலும், நோயாளி தாமாக லெவோடோப்பாவை நிறுத்தக் கூடாது. குறைந்தது ஒரு வாரத்துக்குரிய மாத்திரையைக் கூடுதலாக வைத்திருப்பது பயணத்திலும் மழை வெள்ளக் காலங்களிலும் பயன்படும்.

மருத்துவமனையில் கவனிக்க வேண்டியவை

மருத்துவமனைகளில் மருந்துகள் குறித்த சில நேரங்களில் எல்லா நோயாளிகளுக்கும் ஒன்றாக வழங்கப்படுவது வழக்கம். லெவோடோப்பாவுக்கு இந்த ஒழுங்கு பொருந்தாது. பிரித்தானியாவில் 2018 ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட தேசிய தரநிலை, ஒவ்வொரு நோயாளிக்கும் உரிய நேரத்திலிருந்து 30 நிமிடங்களுக்குள் லெவோடோப்பா வழங்கப்பட வேண்டும் என்கிறது.

அறுவை மருத்துவத்துக்கு முன் "வாயில் எதுவும் கூடாது" என்று கூறப்படும்போது லெவோடோப்பாவும் நிறுத்தப்பட்டுவிடலாம். இதுபற்றி முன்னரே மயக்க மருந்து மருத்துவரிடம் கேட்டறிய வேண்டும். பெரும்பாலும், சிறிதளவு நீருடன் மாத்திரையை உட்கொள்ள அனுமதிக்கப்படுகிறது. விழுங்க இயலாதவர்களுக்கு, நீரில் கரையும் மாத்திரையையோ சாதாரண மாத்திரையையோ கரைத்து மூக்குவழிக் குழாய் மூலம் செலுத்தலாம். அதுவும் இயலாதபோது ரோட்டிகோடின் என்னும் தோல் ஒட்டு பயன்படுத்தப்படுகிறது.

நோயாளியுடன் செல்பவர் ஒரே தாளில் பின்வருவனவற்றை எழுதி வைத்திருத்தல் நன்று: மருந்தின் பொதுப்பெயர், இரு மருந்துகளின் அளவு, சாதாரண வகையா மெதுவாக வெளிப்படும் வகையா என்பது, ஒவ்வொரு வேளையின் நேரம், கடைசியாக உட்கொண்ட நேரம், தவிர்க்க வேண்டிய வாந்தி மருந்துகளின் பெயர்கள், நரம்பியல் மருத்துவரின் தொடர்பு எண். மருத்துவமனையின் மருந்தகத்தில் அந்த மாத்திரை இல்லாதிருக்கலாம் என்பதால், வீட்டிலுள்ள மாத்திரைகளை அவற்றின் அட்டையுடனேயே எடுத்துச் செல்ல வேண்டும்.

பூனைக்காலி விதை

பூனைக்காலி சித்த, ஆயுள்வேத மருத்துவங்களில் நெடுங்காலமாகப் பயன்பட்டு வருகிறது. இதன் விதையில் ஏறத்தாழ 4 முதல் 6 விழுக்காடு வரை லெவோடோப்பா உள்ளது. இதன் பொடி நடுக்குவாத அறிகுறிகளைக் குறைப்பதைச் சிறிய ஆய்வுகள் காட்டியுள்ளன. மாத்திரை வாங்க இயலாத ஏழை நாடுகளில் இதனைப் பயன்படுத்துவது பற்றியும் ஆராயப்பட்டுள்ளது.

இயற்கைப் பொருள் என்பதால் இது வேறொரு மருந்து ஆகிவிடாது. இதிலுள்ளதும் அதே லெவோடோப்பாவே. குமட்டல், மிகையசைவு, மாயத்தோற்றம் ஆகியனவும் அவ்வாறே ஏற்படலாம். மண், செடியின் வகை, பக்குவம் ஆகியவற்றுக்கு ஏற்ப மருந்தின் அளவு மாறுபடும். துணை மருந்தான கார்பிடோப்பா இதில் இல்லை. மாத்திரை உட்கொள்ளும் ஒருவர் மருத்துவருக்குத் தெரிவிக்காமல் இப்பொடியையும் சேர்த்துக்கொண்டால் அளவு மிகுந்துவிடும். பொடியை நம்பி மாத்திரையை ஒரேயடியாக நிறுத்தினால் மேலே கூறப்பட்ட ஆபத்து நேரலாம். எனவே இதனைப் பயன்படுத்துவோர் தம் நரம்பியல் மருத்துவரிடம் அதனைத் தெரிவிக்க வேண்டும்.

உடனடி மருத்துவ உதவி தேவைப்படும் நிலைகள்

மருந்து தவறிய பின் கடுங்காய்ச்சலும் உடல் இறுக்கமும் தோன்றுதல், திடீர்க் குழப்பம் அல்லது உணர்வு மங்குதல், விழுங்க இயலாமையால் மருந்து உட்கொள்ள முடியாமை, தொடர்ந்த வாந்தி, நிற்கும்போது மயங்கி விழுதல், கண்ணில் கடும் வலியுடன் பார்வை மங்குதல், அளவுக்கு மீறி மாத்திரை உட்கொள்ளப்பட்டமை ஆகியவற்றுள் எதுவாயினும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். அங்கு நோயாளிக்கு நடுக்குவாதம் உள்ளது என்பதையும், அடுத்த வேளை லெவோடோப்பா எத்தனை மணிக்கு என்பதையும் முதலிலேயே தெரிவித்தல் வேண்டும்.